ஆயிரத்து இருபத்து நாலு

ஒத்தக்கடை தாண்டி மேலூர்ச் சாலையில்
யானைமலை முதுகைக் காட்டும் இடத்தில்
ஒரு எடைமேடை.
கல் லாரிகள் ஏறி நிற்கும்.
தகர அறைக்குள் கணினி எழுதிக்கொள்ளும்.
ரெண்டு மாதமாக அது நீலமாகி நீலமாகிச் சாகிறதென்று
தவமணி போனில் சொன்னார்.
பையோடு வண்டியை விட்டு இறங்கியதும்
எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்:
"மெக்கானிக் வரலையாம்மா?"

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு ஊருக்கான கல்தூசி,
பல்லி முட்டை ஓடு ஒன்று.
ராம் இரண்டையும் பிடுங்கி
பொன்முலாம் பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து
மறுபடி அழுத்தினேன். 'டக்'.
பத்து நிமிடம் நல்ல பிள்ளை.
பதினாறு சக்கரம் ஒன்று மேடையேறியது,
நீலம்.

லாரி அதிர்ச்சி என்றான் டீ கொண்டுவந்தவன்.
கரண்ட் என்றார் டிரைவர்.
வைரஸ் என்றார் தவமணி;
அவருக்குப் போன வருஷக் கொசுவும் வைரஸ்தான்.
நான் எதையும் மறுக்கவில்லை.
ஒன்றைக் கழற்று, ஒன்றை வை, காத்திரு.
அதை எடு, இதை வை, காத்திரு.
இந்த வேலையில் பாதி காத்திருப்பது,
மீதி, காத்திருக்கையில் வாயை மூடியிருப்பது.

இருட்டியபின் சோதனையை ஓடவிட்டேன்.
அது ஒவ்வொரு அறையாகப் போய்
ஒரு ஒன்றை வைக்கும்.
சற்றுப் பொறுத்து,
'வைத்ததைக் கொடு' என்று கேட்கும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

சும்மா இருக்காமல் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினேன்.
அட்டையில் 'சோணைமுத்து கணக்கு'.
சிவப்பு மையில் வட்டம் போட்ட சீட்டுகள்.
குவாரிச் சீட்டு 26110, இங்கே 25086.
அங்கே 31880, இங்கே 30856.
29940, 28916.
டிரைவரிடம் காசு வாங்கிக்கொண்டு
எடையைக் குறைத்தானாம்.
சித்திரையில் அனுப்பிவிட்டார்கள்.

கழித்துப் பார்த்தேன்.
இன்னொன்றைக் கழித்தேன்.
பிறகு கழிக்கத் தேவைப்படவில்லை.

திருடுகிறவன் ஆயிரமாகத் திருடுவான்.
ஐந்நூறாக, டீக்கடைக் கணக்கில் நூறாக.
ஆயிரத்து இருபத்து நாலாக எவன் திருடுவான்?
அது அதனுடைய ஆயிரம்,
இரண்டை மட்டும் எண்ணத் தெரிந்ததின் ஆயிரம்.
தவிரவும், அந்த மேடை
பத்துப் பத்தாகத்தான் ஏறும்.
ஆறில் முடிகிற எடையை
வட்டம் போட்ட கைகூடப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்குத் திரையில் சிவப்பு வரி.
ஒரே அறை. ஒன்றை வைத்தால் பூஜ்யம் தந்தது.
எடை வந்து அதில் உட்கார்ந்தால் ஒரு டன் போலக் காணாமல் போகும்.
வேறெதாவது வந்து உட்கார்ந்தால் நீலம்.

காலையில் தவமணி பல்குச்சியோடு வந்தார்.
சிவப்பைக் காட்டினேன், சீட்டுகளைக் காட்டினேன்,
கால்குலேட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன்.
மூன்று முறை கழித்தார்.
"புதுசு போட்டா எவ்வளவு?"
சொன்னேன்.
"சோணைமுத்து..." என்றேன்.
சற்றுப் பொறுத்தேன்.
"பில்லு போட்டுருங்கம்மா" என்றார்.

போட்டேன்.
பழுது என்ற கட்டத்தில் எழுதினேன்:
ராம் ஒன்று. ஆள் இல்லை.
கார்பன் வைத்து இரண்டு பிரதி.

மாட்டுத்தாவணி வண்டி நிறுத்தத்தில்
டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தான்.
பழைய ராமை உள்ளங்கையில் வைத்தேன்.
புரட்டிப் பார்த்தான்,
சீயக்காய்ப் பொட்டலத்தை விட எடை கம்மி.
"நீலமா வருது நீலமா வருதுன்னு
நாந்தான் சொன்னேன்" என்றான்,
என்னிடம் இல்லை, அதனிடம்.

அப்புறம் பிரதியை வாசித்தான்.
மறுபடி வாசித்தான்.
"சீல் வைக்கலியேக்கா."

பையைத் துழாவினேன்.
யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் இருக்கையில்
காகிதத்தை விரித்து
அமுக்கிக் குத்தினேன்.